சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு



எரிபொருள் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஸ்கூட்டரும் காரும்தான். சற்று எண்ணிப் பார்த்தால், காலையில் வாசலுக்கு வரும் பால், சந்தைக்கு வரும் காய்கறி, பள்ளிக்கு வரும் பேருந்து ஆகிய எல்லாமே எண்ணெயை நம்பியிருப்பது புலனாகும். அதனால்தான் "நாளை முதல் பெட்ரோல் கிடைக்காதாம்" என்ற ஒரே பேச்சு ஓர் ஊரையே தெருவுக்கு இழுத்துவிடுகிறது. அத்தகைய நாட்களில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, ஒரு குடும்பம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டே நாட்கள்

2024ஆம் ஆண்டு பிறந்த அன்று நம் நாட்டின் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விபத்து நேர்ந்தபின் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டம் விதித்ததே அதற்குக் காரணம். டாங்கர் லாரிகளும் நின்றுவிடும் என்ற செய்தி பரவியது. மறுநாள் ஐதராபாத் முதலிய நகரங்களில் பெட்ரோல் பங்குகளின் முன்னே நீண்ட வரிசைகள் தோன்றின. சண்டிகர் நகர நிர்வாகம், இருசக்கர வண்டிக்கு 2 லிட்டர், நான்கு சக்கர வண்டிக்கு 5 லிட்டர் என்று வரம்பு கட்டியது. அன்றிரவே அரசுக்கும் போக்குவரத்துச் சங்கத்தாருக்கும் பேச்சு நடந்து, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

ஆக, நெருக்கடி இருந்தது இரண்டே நாட்கள். அவ்விரண்டு நாட்களையும் கடத்த முடியாமல் போனது ஏன்? வண்டிகள் வழக்கத்தைவிட மிகுதியாக ஓடிவிட்டனவா? இல்லை. விடையைக் கணக்கு ஆசிரியையிடம்தான் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சிற்றூரில் 10,000 ஸ்கூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு அரை லிட்டர் செலவழிக்கிறது. அப்படியானால் ஊரின் ஒரு நாள் தேவை 5,000 லிட்டர். ஊரிலுள்ள பங்குகளில் மொத்தம் 25,000 லிட்டர் இருப்பு இருந்தால், புது லாரி எதுவும் வராவிட்டாலும் ஐந்து நாட்களுக்குக் கவலையில்லை.

இனி வண்டிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியின் டாங்கியும் 5 லிட்டர் கொள்ளும். ஏதேனும் ஒரு நாளில் சராசரியாகப் பாதி நிறைந்தும் பாதி காலியாகவும் இருக்கும். ஒரு வதந்தி கேட்டு அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து டாங்கியை நிரப்பினால், தலைக்கு இரண்டரை லிட்டர் வீதம் 25,000 லிட்டர் வேண்டும். ஐந்து நாள் இருப்பு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது!

இங்கே ஒருவரும் ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை. ஒருவரும் கேனில் நிரப்பிப் பதுக்கவுமில்லை. பங்குகளின் நிலத்தடித் தொட்டியில் பொதுவாக இருந்த எண்ணெய், பத்தாயிரம் சிறு டாங்கிகளுக்குள் தனித்தனியே போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை இரவுப்பணி முடித்து வரும் செவிலிக்கு எண்ணெய் இல்லை. அன்றாடம் 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் வாங்கி ஓட்டிப் பிழைக்கும் ஆட்டோக்காரருக்கு இல்லை. தேவையில்லாதவர் டாங்கியில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் வருந்தத்தக்க உண்மை ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும் எவரும் மூடரல்லர். "எல்லாரும் வாங்குகிறார்கள், நான் வாங்காவிட்டால் எனக்குக் கிடைக்காது" என்று ஒவ்வொருவரும் எண்ணுவது அவரளவில் சரியே. தனித்தனியே சரியான பத்தாயிரம் முடிவுகள் ஒன்றுசேர்ந்து ஊருக்குக் கேடாகின்றன. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1948ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், தவறான நம்பிக்கையே மக்களின் நடத்தையை மாற்றி, இறுதியில் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்வதை விளக்கினார். பெட்ரோல் வரிசைக்கு அது முற்றிலும் பொருந்தும்.

பிரிட்டனில் நடந்தது

2021 செப்டம்பரில் பிரிட்டனில் லாரி ஓட்டுநர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய் இருந்தது. அதைக் கொண்டுசெல்ல ஆட்கள்தாம் குறைவு. பி.பி. நிறுவனம் தன் பங்குகளில் ஒருசிலவற்றைத் தற்காலிகமாக மூடவேண்டியுள்ளதென்று அறிவித்தது. செய்தி வெளியான சில நாட்களுக்குள் நாட்டின் பல பகுதிகளில் பங்குகள் வற்றிவிட்டன. "எண்ணெய்க்குக் குறைவில்லை, வழக்கம்போல் வாங்குங்கள்" என்று அமைச்சர்கள் சொல்லச் சொல்ல வரிசை நீண்டது. மருத்துவமனைப் பணியாளர்கள் வேலைக்குச் செல்ல எண்ணெயின்றித் தவித்தனர்; அவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டுமென்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கேட்டுக்கொண்டது. அக்டோபர் 4 முதல் இராணுவ வீரர்கள் டாங்கர் லாரிகளை ஓட்டி வினியோகத்தில் உதவினர்.

ஒருசில பங்குகளின் சிறு குறை, நாடளாவிய குறையாக வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு உரமிட்டது அச்சமேயாகும்.

மூன்று மாணவியரின் பேச்சு

அச்சம் எவ்வாறு பரவுகிறது? இதற்கு 1973ஆம் ஆண்டு ஜப்பானில் நிகழ்ந்ததைக் கூறவேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை ஏறியது. எண்ணெயை இறக்குமதி செய்தே வாழும் ஜப்பானில் கலக்கம் மிகுந்தது. காகிதத்துக்கும் பஞ்சம் வரும் என்ற பேச்சு எழவே, ஒசாகா நகரை அடுத்த செந்ரி என்னும் குடியிருப்பில் கழிப்பறைக் காகிதம் வாங்கப் பெண்கள் கடைமுன் முண்டியடித்தனர். அந்தப் பரபரப்பு நாடெங்கும் பரவியது.

அதே ஆண்டு டிசம்பரில், அதே கலக்கத்தின் நடுவே, இன்னொன்று நிகழ்ந்தது. தொயோகாவா என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளி மாணவியர் மூவர் ரயிலில் பேசிக்கொண்டு சென்றனர். ஒருத்திக்கு அவ்வூரிலுள்ள ஒரு கடன் வங்கியில் வேலை உறுதியாகியிருந்தது. "வங்கி வேலையா? ஆபத்தாயிற்றே!" என்று தோழியர் கேலி செய்தனர். கொள்ளைக்காரர் வருவர் என்பதே அவர்கள் கருத்து. அப்பேச்சு உறவினர் வழியாகவும் கடைகளின் வழியாகவும் வாய்மாறிப் போனது. "ஆபத்தா?" என்ற கேள்வி "ஆபத்தாம்" ஆயிற்று, பின்பு "வங்கி மூழ்கப்போகிறது" ஆயிற்று. சில நாட்களில் மக்கள் திரண்டுவந்து தங்கள் சேமிப்பைத் திருப்பிக் கேட்டனர். வங்கியோ நல்ல நிலையில்தான் இருந்தது. வதந்தி தொடங்கிய இடத்தைக் காவல்துறை பின்னோக்கித் தேடிச்சென்றபோது, அது அந்த ரயில் பெட்டியில் போய் முடிந்தது.

அம்மூவரும் பொய் சொல்லவில்லை; தீங்கு நினைக்கவுமில்லை. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியில் ஒரு விரல் அசைவில் நூறு பேருக்குச் செய்தி போகிறது. ஆகவே, மாணவியரே, பஞ்சம் பற்றிய செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? எந்த நாளைய செய்தி இது? நான் அனுப்புவதால் ஒருவருக்கு உதவியா, ஓட்டமா? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் செய்தி உங்களோடு நிற்கட்டும்.

உண்மையான பஞ்சம் வந்தால்?

"எல்லாம் வதந்திதான், பஞ்சமே வராது" என்று இருந்துவிடவும் கூடாது. நம் அண்டை நாடாகிய இலங்கையில் 2022இல் வந்தது உண்மையான பஞ்சம். எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. மக்கள் இரவும் பகலும் வரிசையில் காத்துக்கிடந்தனர். காத்திருந்த இடத்திலேயே உயிர் நீத்தவரும் உண்டு. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. நகரப் பள்ளிகள் மூடப்பட்டன. சமையல் வாயுவும் கிடைக்காமல் நகரவாசிகள் விறகடுப்புக்கு மாறினர். வடக்கே மீனவர்கள் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகளைக் கரையேற்றினர்.

பின்பு தேசிய எரிபொருள் அட்டை என்னும் பங்கீட்டு முறை வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறியீடு. வாரத்திற்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று தொடக்கத்தில் அளவு வகுக்கப்பட்டது. ஆகஸ்டு முதல் நாடெங்கும் இம்முறை நடைமுறைக்கு வந்தபின் வரிசைகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணெய் திடீரென்று பெருகிவிடவில்லை. ஆனால் "என் பங்கு எனக்கு உண்டு, அடுத்தவர் அதை எடுக்க முடியாது" என்ற உறுதி வந்ததும் ஓடவேண்டிய தேவை தீர்ந்தது. நிலைமை சீரடைந்தபின், 2023 செப்டம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது.

நியாயமான பங்கீடு அச்சத்தைத் தணிக்கும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம். அரசு பங்கீடு செய்யும்வரை காத்திராமல், ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே ஓர் அளவு வகுத்துக்கொள்ளலாம் அன்றோ?

வீட்டின் முன்னேற்பாடு

சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமில்லை, காலத்திலும் இருக்கிறது. எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்த்துவைப்பவர் யாருடைய பங்கையும் எடுப்பதில்லை. நெருக்கடி வரும்போது அவர் வரிசைக்கு வராமலிருப்பதால் அடுத்தவருக்கு அவர் இடம் கிடைக்கிறது. பஞ்சம் வந்தபின் கூடுதலாக வாங்குபவரோ பிறர் பங்கை எடுக்கிறார். கீழ்க்கண்டவற்றை இன்றே செய்யலாம்.

1. வண்டி: டாங்கி பாதியாகும்போது நிரப்புவதை எந்நாளும் வழக்கமாக்குங்கள். நம் நாட்டின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் மிச்சமாகும் என்கிறது. சக்கரத்தில் காற்று சரியாக இருக்கட்டும். சிக்னலில் எஞ்சினை நிறுத்துங்கள்.

2. அடுப்பு: இரண்டு சிலிண்டர் உள்ள வீடுகளில் ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். பருப்பையும் பயறுகளையும் ஊறவைத்துச் சமையுங்கள். பாத்திரத்தை மூடுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள்.

3. வைக்கோல் பெட்டி: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் மக்கள் கையாண்ட முறை இது. அரிசியைச் சில நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, இறுக மூடி, வைக்கோலோ பழைய கம்பளியோ அடைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சோறு வெந்துவிடும்.

4. உணவு: பத்து நாட்களுக்குரிய அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் எப்போதும் இருக்கட்டும். அடுப்பே மூட்டாமல் பசியாற அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவை உதவும். பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வையுங்கள்.

5. மருந்து: நாள்தோறும் மாத்திரை உண்ணும் பெரியோருக்கு, தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

6. அண்டை வீடு: அவசரத்துக்கு மருத்துவமனை செல்ல யாருடைய வண்டி உதவும் என்பதைத் தெருவிலுள்ளோர் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

ஒருபோதும் செய்யத்தகாதது

பெட்ரோலை மட்டும் வீட்டில் சேர்த்து வைக்கவே கூடாது. பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலுங்கூட அதன் ஆவி தீப்பற்றும் தன்மையுடையது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறையிலுள்ள அடுப்பையோ விளக்கையோ சென்றடையும்.

2012 மார்ச் மாதத்தில் பிரிட்டனில் டாங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. வீட்டில் ஒரு கேன் எண்ணெய் வைத்துக்கொள்வது நல்லதென்று ஓர் அமைச்சரே கூறினார். அந்நாட்களில் யார்க் நகரில் ஒரு பெண்மணி தம் சமையலறையில் பெட்ரோலை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆவி பற்றிக்கொள்ள, அவர் கடுந்தீக்காயங்களுக்கு ஆளானார். வேலைநிறுத்தமோ கடைசிவரை நடக்கவேயில்லை!

சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானதே. நாற்றம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்சார ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

முடிவுரை

பஞ்சம் வருவதும் வராததும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. போர், வேலைநிறுத்தம், செலாவணி என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் சிறு குறை பெரும் பஞ்சமாவதும் ஆகாமற்போவதும் நம் போன்ற வீடுகளின் நடத்தையைப் பொறுத்தது. நிறைந்த நாளில் சிறிது சேர்த்து, குறைந்த நாளில் அளவோடு வாங்கி, அறியாத செய்தியைப் பரப்பாதிருக்கும் குடும்பம், அந்த இரவுப்பணிச் செவிலிக்கும் ஆட்டோக்காரருக்கும் உரிய இரண்டு லிட்டரைப் பங்கிலேயே விட்டுவைக்கிறது. மாணவியரே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் அம்மாவோடு அமர்ந்து, வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முன்னேற்பாட்டின் முதற்படி அதுவேயாகும்.