தற்காப்புக்கலையை இணையவழி கற்பித்தல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. நீந்தும் வித்தையை நூலில் மட்டும் படித்தவன் ஆற்றில் இறங்கினால் என்ன ஆவான் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிலம்பம், மற்போர், யூடோ, கராத்தே முதலிய தற்காப்புக்கலைகளும் அத்தகையனவே. உடல் உடலோடு பொருதிப் பெறும் அறிவே அவற்றின் உயிர். அவ்வாறிருக்க, இருபது முப்பது ஆண்டுகள் மாலைப்பொழுதுகளில் இக்கலைகளை விருப்பத்தோடு பழகியோர் பலர், இன்று கணினித்திரையின் வாயிலாக அவற்றைக் கற்பித்துப் பொருளீட்டுகின்றனர். இஃது ஏட்டுச் சுரைக்காயை விலைக்கு விற்பதாகுமா? அன்றி, நேர்மையான ஆசிரியத் தொழிலாகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

தொலைவிலிருந்து இக்கலைகளைக் கற்பிக்கும் முயற்சி இணையத்தோடு பிறந்ததன்று. யப்பானில் இக்கலையைப் பயின்று கறுப்புப் பட்டி பெற்ற அலன் சிமித் என்னும் படைத்தளபதி, 1920ஆம் ஆண்டிலேயே யுயுற்சுப் பயிற்சியை ஏழு சிறு நூல்களாக வகுத்து அமெரிக்காவில் வெளியிட்டார். பின்னர்த் திரைப்படச் சுருளும், அதன் பின்னர் ஒளிநாடாவும் அப்பணியை ஏற்றன. கருவி மாறியதேயன்றி, ஆசான் அருகில் இல்லாதபோது மாணாக்கன் எதைக் கற்கலாம், எதைக் கற்கவியலாது என்னும் சிக்கல் மாறவில்லை.

கற்பிக்கத் தொடங்குபவர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியவர் யூடோவை வகுத்த கானோ யிகோரோ. அவர் 1882ஆம் ஆண்டில் தோக்கியோ நகரிலுள்ள பௌத்த கோயில் ஒன்றில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணாக்கரோடு கொடொகான் பள்ளியைத் தொடங்கினார். அவர் மற்போர் வீரர் மட்டுமல்லர். ஆசிரிய கலாசாலையின் அதிபராகவும் விளங்கிய கல்வியாளர். பழைய யுயுற்சு மரபுகளில் சிதறிக் கிடந்த உத்திகளை அவர் ஆராய்ந்து, ஆபத்தானவற்றை வேறாக்கி, எஞ்சியவற்றை நிரல்பட அமைத்தார். 1895இல் வகுக்கப்பெற்று 1920இல் திருத்தப்பெற்ற எறிமுறைத் தொகுதியில், பிரிவுக்கு எட்டாக ஐந்து பிரிவுகளில் 40 எறிமுறைகள் உள்ளன. எதன் பின் எது என்னும் இவ்வொழுங்கே பாடத்திட்டம். முப்பது ஆண்டு பழகியவருக்கு நூறு உத்திகள் தெரிந்திருக்கலாம். ஆயினும், முதல் வாரத்தில் எதைக் கற்பிப்பது என்று சொல்லத் தெரியாதவர் வல்லவராக இருக்கலாமேயன்றி ஆசிரியராகார்.

கொடொகானிற் பயின்ற மயேதா மிட்சுயோ என்பவர் 1914ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டை அடைந்தார். அங்கே கிரேசி குடும்பத்தினர் அவரிடமிருந்து பெற்ற வித்தையைத் தம் வழியில் வளர்த்தனர். அதுவே இன்று பிரேசிலிய யுயுற்சு எனப்படுகின்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த றோரியன் கிரேசி 1978இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, தம் வீட்டு வாகனக் கொட்டகையிற் பாய் விரித்துக் கற்பிக்கலானார். முதற்பாடம் இலவசம், நண்பரொருவரை அழைத்து வந்தால் மற்றொரு பாடமும் இலவசம். இதுவே அவருடைய விளம்பரம். 1993 நவம்பர் 12ஆம் நாள் டென்வர் நகரில் நடைபெற்ற முதலாவது யூ.எப்.சி. போட்டியில், அவருடைய தம்பி றொய்சு கிரேசி தம்மினும் எடைமிக்கோரையும் எதிர்கொண்டு, ஒரே இரவில் மூன்று போட்டிகளிலும் வென்றார். அவ்வெற்றிக்குப் பின் அக்கலையைக் கற்க விரும்பியோர் உலகெங்கும் பெருகினர். ஆனால் ஆசிரியர் இருந்த ஊர்களோ மிகச் சில. இந்த இடைவெளியே தொலைவழிக் கல்விக்குச் சந்தையாயிற்று.

றோரியனின் புதல்வர் இருவர் 2000ஆம் ஆண்டுகளின் இறுதியில் இணையவழிப் பள்ளியொன்றைத் தொடங்கி, 36 அடிப்படை உத்திகளைக் கொண்ட தொடக்கப் பாடத்தை வகுத்தனர். மாணாக்கர் துணைவரொருவரோடு வீட்டிற் பயின்று, தம் ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்பித் தேர்வு எழுதலாம் என்றும், தேறினால் நீலப் பட்டி பெறலாம் என்றும் அறிவித்தனர். உடனே பெருங்கண்டனம் எழுந்தது. எதிர்த்து நிற்பவனோடு பொருதி அறியாதவனுக்குப் பட்டி அளிப்பது முறையோ என்று மூத்த பயிற்சியாளர் பலர் வினவினர். பின்னர் அப்பள்ளியினர் தம் விதியை மாற்றிக்கொண்டனர். தொடக்கப் பாடத்தில் தேறியோருக்குத் தனியொரு பட்டியும், நேரிற் சோதிக்கப்பட்ட பின்னரே நீலப் பட்டியும் என்பது புதிய ஏற்பாடு. இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் தெளிவானது. அறிவைத் திரைவழியே அனுப்பலாம். தகுதிச் சான்றை அவ்வாறு அனுப்புதல் அரிது.

இனி, திரை எதைக் கொண்டு செல்லும் என்பதை நோக்குவோம். நிற்கும் நிலை, காலடி வைப்பு, தனித்து ஆடும் வரிசைகள், கோல் சுழற்றும் முறை, உடலை உறுதியாக்கும் பயிற்சி ஆகியவற்றைத் திரைவழியே நன்கு கற்பிக்கலாம். மெதுவாக்கியும் நிறுத்தியும் மீண்டும் மீண்டும் பார்க்க இயலுவது, நேரடி வகுப்பிலும் கிடைக்காத வசதியாகும். ஆனால் எதிராளியின் பாரம், அவன் எதிர்க்கும் விசை, அடி வந்து சேரும் கணம், அதற்கு முன் எழும் அச்சம் ஆகியவற்றைத் திரை காட்டுமேயன்றி உணர்த்தாது. ஆதலின், தனிப்பயிற்சி மிகுந்த சிலம்பமும் கராத்தே வரிசைகளும் இணையவழிக்கு ஓரளவு இசைவன. பிடித்து மல்லாடும் கலைகள் துணைவரின்றி இசையா. திரைவழி கற்பிப்பவர், மாணாக்கர் ஆண்டில் சில முறையேனும் ஒரு களத்திற் கூடிப் பொருதிப் பயிலும் ஏற்பாட்டையும் செய்தல் வேண்டும்.

பொருளீட்டும் முறைகள் இருவகைப்படும். காணொளிகளை யாவரும் காண இலவசமாக வெளியிட்டு, விளம்பர வருவாயிற் பங்கு பெறுதல் ஒன்று. யூடியூப் நிறுவனம் இதற்கு 1,000 சந்தாதாரரையும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையையும் வழக்கமான காணொளிகளுக்கு நிபந்தனையாக வைத்திருக்கின்றது. ஒருவர் சராசரி நான்கு நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், 4,000 மணிநேரத்திற்கு 60,000 பார்வைகள் தேவை. அதன் பின்னரும் கிடைக்கும் தொகை நிலையானதன்று. எனவே இதனைப் பிழைப்பாகக் கருதாது, பெயரைப் பரப்பும் வழியாகக் கருதுவதே அறிவுடைமை.

மற்றையது, கட்டணம் பெற்று மாணாக்கரை நேரே கற்பித்தல். எடுத்துக்காட்டாக, முப்பது மாணாக்கர் மாதம் 2,000 ரூபா வீதம் செலுத்தினால் 60,000 ரூபா வரும். வாரத்தில் இரண்டு மணிநேரம் திரைமுன் நின்றாற் போதுமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாணாக்கரும் வாரம் ஒரு பயிற்சிப் பதிவை அனுப்ப, அதனைப் பார்த்துத் திருத்தம் சொல்லப் பத்து நிமிடம் செல்லுமாயின், முப்பது பேருக்கு வாரம் ஐந்து மணிநேரம் ஆகும். மாணாக்கர் நூறு பேரானால் பதினாறு மணிநேரத்திற்கு மேலாகும். காணொளி எங்கும் இலவசமாகக் கிடைக்கின்ற இக்காலத்தில், மாணாக்கர் விலை கொடுத்து வாங்குவது இத்திருத்தத்தையே. பலர் இதனை உணராமல் ஆட்களை மிகுதியாகச் சேர்க்கின்றனர், திருத்தம் குறைகின்றது, மாணாக்கர் விலகுகின்றனர். ஓர் ஆசிரியர் எத்தனை பேரை உண்மையில் திருத்த இயலுமோ, அதுவே அவருடைய தொழிலின் எல்லை.

நேரத்தின் கணக்கும் உண்டு. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பல்லாயிரவர் திரைவழிக் கல்விக்குப் பழகினர். அதன் பயனாக, கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தாயகத்து ஆசானிடம் சிலம்பம் கற்பது எளிதாயிற்று. கோடைகாலத்தில் ரொறன்ரோ நகரம் இலங்கை நேரத்திற்கு ஒன்பதரை மணிநேரம் பின்னும், இலண்டன் நாலரை மணிநேரம் பின்னும் உள்ளன. யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கும் வகுப்பு, ரொறன்ரோவில் சனி இரவு எட்டரை மணிக்குரியது. இலண்டனிலோ அது நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணி. ஆகவே ஒரே வகுப்பில் இரு நகரத்தாரையும் சேர்த்தல் இயலாது. குளிர்காலத்தில் இவ்வேறுபாடு ஒரு மணிநேரம் கூடுவதையும் மறத்தலாகாது.

வருவாயினும் முதன்மையானது பொறுப்பு. நேரடிக் களத்தில் மாணாக்கன் வழுக்கி விழுந்தால் ஆசான் தாங்குவார். திரைக்கு அப்பால் விழுபவனைத் தாங்குவோர் இல்லை. கோல் சுழற்றும் பிள்ளையின் தலைக்குமேல் விளக்கோ மின்விசிறியோ உள்ளதா என்பதை முதலிற் கேட்டறிய வேண்டும். சிறுவர் பயிலும்போது பெற்றோர் ஒருவர் அவ்வறையில் இருத்தல் கட்டாயமாதல் வேண்டும். கழுத்தை நெரிக்கும் பிடிகள் சில வினாடிகளில் மூளைக்குச் செல்லும் குருதியைக் குறைத்து மயக்கத்தை உண்டாக்க வல்லவை. மூட்டை முறுக்கும் பிடிகள் நோவு தோன்றும் முன்பே தசைநாரைச் சிதைத்துவிடலாம். தேர்ந்தவர் அருகில் இல்லாத இடத்தில் இவற்றைக் கற்பித்தல் தகாது. எத்துணைக் கட்டணம் தருவதாகச் சொன்னாலும் தகாது. தம் குரு யார், எத்தனை ஆண்டு பயின்றார், எந்த நிலை வரை தேறினார் என்பவற்றை ஆசிரியர் உள்ளபடி வெளியிடுதலும், குரு உயிரோடிருப்பின் அவரிடம் அனுமதி பெறுதலும் இக்கலைகளின் மரபுக்கு ஏற்றவை.

இன்னுமொன்று உண்டு. விருப்பத்திற்காகப் பழகியவர் களைத்தபோது ஓய்வெடுக்கலாம். தொழிலாக ஏற்றவர் அவ்வாறு செய்ய இயலாது. மாணாக்கரைத் திருத்துவதிலேயே நாள் கழிந்து, தம் சொந்தப் பயிற்சி குறைந்துபோவதும் கூடும். ஆதலின், வருவாய் தரும் மணிகளைக் குறிக்கும் அட்டவணையிலேயே தாம் பழகும் மணிகளையும் குறித்து, அவற்றை விலைக்குக் கொடாமற் காத்தல் வேண்டும். கற்பிப்பவர் பழகுவதை நிறுத்திய நாளிலிருந்து, அவர் விற்பது பழைய நினைவு மட்டுமே.

ஆகவே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இது. எல்லையை அறிந்து, அவ்வெல்லையை மாணாக்கருக்கும் சொல்லிக் கற்பிப்பவரின் தொழில் நேர்மையானது. திரையிற் கற்ற அடியைக் களத்திற் சோதித்துக்கொள்ளுமாறு மாணாக்கரை அனுப்பும் ஆசிரியர், சுரைக்காயை ஏட்டில் வரைவதோடு நில்லாது விதையையும் கையிற் கொடுப்பவராவார்.