தீபாவளிச் சந்தையில் ஒரு மணி நேரம்

லட்சுமி பூஜை நாளில் இந்தியப் பங்குச் சந்தைகளுக்கு விடுமுறை. ஆனாலும் அன்று நல்ல நேரம் பார்த்து ஒரு மணி நேரம் மட்டும் சந்தையைத் திறப்பார்கள். முகூர்த்த வர்த்தகம் என்று இதற்குப் பெயர். மும்பை பங்குச் சந்தையில் 1957 முதல் தொடர்ந்துவரும் வழக்கம் இது. 2024-இல் நவம்பர் 1 மாலை 6 மணிக்குத் திறந்தார்கள். 2025-இல் அக்டோபர் 21 பிற்பகல் 1.45-க்கு. இரண்டு ஆண்டுகளிலும் தமிழ்நாட்டில் முந்தைய நாளே தீபாவளி முடிந்துவிட்டது.

குஜராத்தி வணிகர்களுக்குத் தீபாவளியோடு கணக்காண்டு முடிகிறது. மறுநாள், அவர்கள் நாள்காட்டியின் கார்த்திக மாதப் பிரதமையில், விக்ரம் சம்வத் புத்தாண்டு. புதுக் கணக்குப் புத்தகத்தில் ‘சுபம்’, ‘லாபம்’ என்று எழுதி லட்சுமிக்கு முன் வைத்து வணங்குவார்கள். அந்தக் கையோடு முதல் வியாபாரத்தையும் தொடங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் முகூர்த்த வர்த்தகம்.

1995-இல் கணினி வரும்வரை தரகர்கள் மும்பை சந்தைக் கூடத்தில் நேருக்கு நேர் நின்று கூவித்தான் பங்குகளை வாங்கி விற்றார்கள். இப்போது திருச்சியில் நண்பர்கள் நாலு பேர் மொட்டை மாடியில் உட்கார்ந்து, முறுக்கைக் கொறித்தபடியே ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிவிடலாம். பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் டீமேட் கணக்கும், வர்த்தகக் கணக்கும், கைப்பேசியும் போதும்.

எதை வாங்குவது? பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே தரகு நிறுவனங்கள் ‘தீபாவளிப் பரிந்துரை’ப் பட்டியல்களை வெளியிடத் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் குழுக்களிலும் பங்குகளின் பெயர்கள் பறக்கும். இங்கேதான் நிதானம் தேவை. பரிந்துரை தருபவர் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் பதிவு பெற்றவரா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்திலேயே அது இலவசமாகக் கிடைக்கும்.

முந்நூறு பக்க அறிக்கை என்று மலைக்க வேண்டாம். நாலு இடங்களைப் பார்த்தாலே நிறைய விளங்கும். கணக்கில் காட்டும் லாபம் உண்மையிலேயே பணமாக உள்ளே வந்திருக்கிறதா, கடன் ஏறுகிறதா இறங்குகிறதா, தணிக்கையாளர் ஏதாவது ஆட்சேபம் சொல்லியிருக்கிறாரா, நிறுவனத்தைத் தம் பிடியில் வைத்திருக்கும் புரமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? அடிப்படையே புதிது என்பவர்கள் சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசையிலிருந்து தொடங்கலாம்.

நண்பர்கள் சேர்ந்து படிப்பதில் பெரிய நன்மை உண்டு. ஒருவர் கண்ணுக்குத் தப்புவது இன்னொருவர் கண்ணில் படும். ஆனால் கூட்டாகவே தவறுவதும் நடக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூர்ப் பெண்கள் 1983-இல் ஒரு முதலீட்டு மன்றம் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவீத லாபம் ஈட்டியதாகச் சொன்னார்கள். அவர்கள் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. தொலைக்காட்சிகள் தேடி வந்தன. 1998-இல் தணிக்கை நிறுவனம் ஒன்று சரிபார்த்தபோது உண்மையான லாபம் 9.1 சதவீதம்தான் என்று தெரிந்தது. உறுப்பினர்கள் போட்ட சந்தாவும் லாபக் கணக்கில் சேர்ந்துவிட்டிருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கணக்கில்தான் பிசகு.

மாதாமாதம் பணம் போட்டுவிட்டு மொத்தத் தொகை கூடுவதைப் பார்த்து மகிழும் யாருக்கும் இதே பிசகு நேரலாம். போட்ட பணம் எவ்வளவு, வளர்ந்தது எவ்வளவு என்று தனித்தனியே எழுதினால்தான் நிலவரம் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. முகூர்த்த நேரத்தில் வழக்கமான நாளைவிட வர்த்தகம் குறைவு. சிறிய நிறுவனப் பங்குகளில் சில ஆர்டர்களே விலையைத் தூக்கிவிடும். அதனால் சகுனத்துக்காக வாங்குபவர்கள் சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டு, வாங்கும் விலையையும் தாங்களே குறித்துக் கொடுப்பது நல்லது.

இந்தத் தீபாவளிக்கு நண்பர்கள் கூடும்போது போன ஆண்டுப் பரிந்துரைப் பட்டியல் ஒன்றைக் கையில் எடுக்கலாம். ஒவ்வொரு பங்கின் அன்றைய விலையையும் இன்றைய விலையையும் எழுதி, அதே காலத்தில் சந்தைக் குறியீடான நிஃப்டி எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். பட்டியல் நிஃப்டியை முந்தியதா, எந்தக் கணிப்பு பலித்தது, எது ஏன் பிழைத்தது என்று பேச அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தில் ஆளுக்கொரு நிறுவனத்தைப் பிரித்துக்கொண்டு ஆண்டறிக்கை படிக்கத் தொடங்கலாம்.