சில்லறையில் வாழும் இரவு

உங்கள் கையிலிருக்கும் நாணயம் ஒன்றை எடுத்து, அதில் பொறித்துள்ள ஆண்டின் கீழே சற்று உற்றுப் பாருங்கள். வைர வடிவம் தெரிந்தால் அது மும்பையில் அச்சிடப்பட்டது. விண்மீன் தெரிந்தால் ஐதராபாத். புள்ளி தெரிந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால், அது கொல்கத்தாவின் அலிப்பூரில் பிறந்த நாணயம். 1952-ஆம் ஆண்டு முதல் அங்கே அரசு நாணயச்சாலை இயங்கி வருகிறது.

தமிழர்களுக்கு அலிப்பூர் புதிய பெயரன்று. அரவிந்தர் புதுச்சேரிக்கு வருமுன் சந்தித்தது அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்ற காமராசர் அடைக்கப்பட்டதும் அலிப்பூர்ச் சிறையில்தான். அங்குள்ள பழைய மத்தியச் சிறை 2022 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. 1876-இல் திறக்கப்பட்ட விலங்கியல் பூங்கா, பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம், 2023-இல் சங்கு வடிவில் எழுந்த 'தன தான்ய' அரங்கம் எனப் பகற்பொழுதுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் இருட்டியதும் மதில்களும் மரங்களும் சூழ்ந்த அலிப்பூர் அடங்கிவிடும். அதன் எல்லையைத் தாண்டினால்தான் கொல்கத்தாவின் இரவு தொடங்குகிறது. கிழக்கே பவானிப்பூர், மேற்கே கிதிர்ப்பூர், வடக்கே மைதானத்தைக் கடந்தால் பார்க் தெரு.

பாட்டையும் சோற்றையும் நம் முன்னோர் பிரித்துப் பார்த்ததில்லை. பரிசில் பெற்ற பாணன், எதிர்ப்படும் பாணனுக்கு வள்ளலின் ஊர்வழியைச் சொல்லி அனுப்புவதற்கென்றே ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை நம்மிடம் உண்டு. இக்கட்டுரையையும் ஓர் ஆற்றுப்படையாகக் கொள்ளலாம். ஒரு வேறுபாடு: இங்கே பாணரிடம் வழிகேட்டுச் செல்வோர் நாம், வள்ளலாக இருக்க வேண்டியவரும் நாமே.

பசித்தவர்க்கு இரவில்லை

மதுரையைத் தூங்கா நகரம் என்போம். நள்ளிரவில் ஆவி பறக்கும் இட்லிக்கு அங்கே எப்போதும் ஆளிருக்கும். பவானிப்பூரின் ஹரிஷ் முகர்ஜி சாலையில் உள்ள பல்வந்த் சிங் உணவகம் அதே இனத்தைச் சேர்ந்தது. பின்னிரவிலும் டாக்ஸி ஓட்டுநர்களும் மாணவர்களும் அங்கே மண்குவளைத் தேநீருக்காகக் கூடுகிறார்கள். பாலையும் குளிர்பானத்தையும் கலந்து தரும் 'தூத் கோலா' அதன் தனி அடையாளம். கேட்கும்போது வியப்பாக இருக்கும். குடித்தவர்கள் மறுபடி கேட்பார்கள்.

கிதிர்ப்பூரைத் தாண்டினால் மட்டியாபுருஜ். 1856-இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா, தம் சமையற்காரர்களோடும் இசைவாணர்களோடும் குடியேறிய இடம் அது. கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு ஒன்று வீற்றிருப்பதற்கு அவரையே காரணம் காட்டுவார்கள். செலவைக் குறைக்கச் சேர்த்தது என்பர் சிலர். அக்காலத்தில் உருளைக்கிழங்கு அரிய பொருள், ஆகவே அது பெருமைக்காகச் சேர்த்தது என்பர் வேறு சிலர். எப்படியாயினும், தட்டில் உருளைக்கிழங்கு இல்லையென்றால் இன்றைய கொல்கத்தாவாசி கோபித்துக்கொள்வார்.

நியூ மார்க்கெட் அருகே 1932-இல் தொடங்கிய நிஜாம் உணவகம் 'காட்டி ரோல்' பிறந்த வீடு. நம் காதுக்குக் கத்தி போல ஒலித்தாலும், வங்கமொழியில் 'காட்டி' என்றால் குச்சி. இரும்புக் கம்பிக்குப் பதிலாக மூங்கில் குச்சியில் இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுட்டதால் அப்பெயர் வந்தது. அதைப் பராட்டாவில் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டால் தட்டும் வேண்டாம், இருக்கையும் வேண்டாம். ரமலான் மாதமானால் நாகுதா மசூதியை ஒட்டிய ஜக்கரியா தெரு இரவெல்லாம் ஹலீமும் கபாபும் மணக்கும். இரவு முடிந்ததும் பசி முடிந்துவிடுவதில்லை. விடியற்காலையில் டிரெட்டி பஜாரில் சீன வம்சாவளியினர் ஆவியில் வெந்த பாவ் ரொட்டிகளோடு கடை விரிக்கிறார்கள்.

ஒற்றைத் தந்தியும் பெருமேளமும்

ஹவுராவிலிருந்து போல்பூர் செல்லும் ரயிலில் ஏறினால், இடுப்பில் சிறு மேளமும் கையில் ஒற்றைத் தந்தி ஏக்தாராவுமாகப் பாவுல் பாடகர் ஒருவர் நம் பெட்டிக்கு வருவார். சாதியும் சமயமும் கடந்து, உடலையே கோயிலாகக் கொண்டு பாடும் பாவுல்களைக் கேட்கும்போது நமக்கு நம் சித்தர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. 2005-இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 1967-இல் வெளிவந்த பாப் டிலனின் இசைத்தட்டு ஒன்றின் அட்டையில் அவரோடு நிற்பவர்களுள் பூர்ணதாஸ், லட்சுமண்தாஸ் எனும் பாவுல் சகோதரர்கள் இருவர் உண்டு. உலகப் புகழ் அட்டைப்படத்தில் இருக்கலாம். ரயிலில் பாடுபவரின் அன்றாட வரும்படி இன்றும் பயணிகளின் கையில்தான் இருக்கிறது.

துர்கா பூஜைக்கு முந்தைய நாட்களில் சியால்டா ரயில் நிலையத்தின் முன்புறம் ஓர் இசைச் சந்தை கூடும். முர்ஷிதாபாத், பாங்குரா முதலிய மாவட்டங்களிலிருந்து 'டாக்' எனும் பெருமேளக் கலைஞர்கள் இறகுகள் சூட்டிய மேளங்களோடு வந்து வாசித்துக் காட்டுவார்கள். பூஜைக் குழுவினர் கேட்டு, பேரம் பேசி, அழைத்துச் செல்வார்கள். இவர்களில் பலர் மற்ற நாட்களில் வயலில் உழைப்பவர்கள். 2021-இல் கொல்கத்தாவின் துர்கா பூஜைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அப்பூஜையின் நாடித்துடிப்பு இம்மேளம். ஆயினும் அந்தச் சில நாட்களின் கூலியை யார் பேசி முடிப்பது என்பது, ஒவ்வோர் ஆண்டும் நடைபாதையில்தான் தீர்மானமாகிறது.

காஞ்சிப் பட்டு ஏறிய மேடை

மதுக்கூடம் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு பெண்மணியை நினைவூட்டுகிறோம். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1969-இல் சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடத் தொடங்கினார். அடுத்துக் கொல்கத்தா பார்க் தெருவின் 'டிரின்காஸ்' மேடைக்கு வந்தார். மேலைநாட்டு உடையில் பாடகியரைப் பார்த்துப் பழகிய அவையின் முன், காஞ்சிபுரம் பட்டுடுத்திப் பெரிய பொட்டோடு நின்று கனத்த குரலில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். அவை அவரை ஏற்றது. அவர் அந்நகரைத் தம் ஊராக்கிக்கொண்டார். 2024-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அன்றைய பார்க் தெருவில் டிரின்காஸ், மொகாம்போ, மூலான் ரூஷ், புளூ பாக்ஸ் என வரிசையாக நேரடி இசை ஒலித்தது. ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் ஜாஸ் வாசித்தனர். பாம் கிரெய்ன் பாடினார். எழுபதுகளில் அரசியல் கொந்தளிப்பு, மின்வெட்டு, கேளிக்கை வரி ஆகியவை சேர்ந்து அந்த மேடைகளை ஒடுக்கின. பியானோக் கலைஞர் லூயி பேங்க்ஸ் மும்பைக்குச் சென்றார். கிட்டார் மேதை கார்ல்டன் கிட்டோ கொல்கத்தாவிலேயே தங்கி, 2016-இல் மறையும்வரை வாசித்தும் மாணவர்களுக்குக் கற்பித்தும் வாழ்ந்தார். அத்தகையோர் விதைத்தது இன்று மீண்டும் தழைக்கிறது. டிரின்காஸில் நேரடி இசை தொடர்கிறது. பார்க் ஓட்டலின் 'சம்பிளேஸ் எல்ஸ்' மதுக்கூடம் உள்ளூர் ராக் குழுக்களுக்கு நீண்ட காலமாக மேடை தந்து வருகிறது. பழச்சாறு ஒன்றை வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்கவும் அங்கே தடையில்லை.

"சில்லறை இல்லை"

இத்தனை கொண்டாட்டமும் எதன் மேல் நிற்கிறது? நாம் கொடுக்கும் பத்து, இருபது ரூபாய்களின் மேல். நடைபாதைக் கடைக்காரரின் வாழ்வு நிலையற்றது. 1996-இல் ஒருமுறை, 2024-இல் மறுமுறை எனக் கொல்கத்தா நடைபாதைகளிலிருந்து கடைகளை அகற்றும் நடவடிக்கைகள் நடந்தன. நடப்போருக்கும் பாதை வேண்டும், விற்போருக்கும் இடம் வேண்டும் என்ற இரு நியாயங்களையும் சேர்த்துப் பார்க்க வந்ததே தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம். விற்பனைச் சான்றிதழ் கையிலிருந்தால், 2020-இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதித் திட்டத்தில் பிணையின்றி வங்கிக் கடன் பெறலாம். 10,000 ரூபாயாக இருந்த முதற்கடன் 2025-இல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு அடுத்தடுத்து 25,000, 50,000 ரூபாய்க் கடன்களும், 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உங்கள் தெருமுனை இட்லிக் கடைக்காரருக்கும் இது பொருந்தும், அவரிடம் சொல்லுங்கள்.

பாடுவோருக்கு நிலைமை வேறு. பாவுல், டாக் போன்ற நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மேற்கு வங்க அரசின் 'லோக் பிரசார்' திட்டம் அடையாள அட்டையும் மாதம் 1,000 ரூபாயும் வழங்குகிறது. அது ஓர் ஊன்றுகோல். நடப்பதற்குக் கால் வேண்டுமே! அந்தக் கால்தான் கேட்போர் தரும் காசு. தேநீர்க் கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது, நாமும் கைப்பேசியால் செலுத்திவிடுகிறோம். அதே பழக்கத்தால் பணப்பையில் நாணயம் வைப்பதை மறந்தோம். ரயிலில் பாடுபவர் நம் முன் நிற்கும்போது, "சில்லறை இல்லை" என்று நாம் சொல்வது பொய்யுமல்ல. ஆனால் பாட்டை முழுவதும் கேட்டிருப்போம்.

மின்னணுப் பணப் பரிமாற்றத்தை வளர்ப்பது வங்கிகளின் கடமை. நாமும் அதையே நாள்தோறும் வலியுறுத்துகிறோம். அதற்கும் பையில் நாலு நாணயம் வைத்திருப்பதற்கும் பகையில்லை. பாடகரிடம் கியூஆர் அட்டை இருந்தால் அதில் செலுத்துங்கள். கணக்கே தொடங்காத கலைஞர் என்றால், குறைந்தபட்ச இருப்பின்றித் தொடங்கும் ஜன்தன் கணக்கைப் பற்றி அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பயணம் செல்வோர்க்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இரவு நடைக்கு உகந்த காலம். பூஜை நாட்களில் மெட்ரோ ரயில் பின்னிரவு வரை ஓடும். பாவுல் பாடல்களை மரத்தடியில் கேட்க விரும்புவோர் சாந்திநிகேதன் வரை செல்லலாம். புறப்படுமுன் எந்த வங்கிக் கிளையிலாவது நூறு ரூபாய்க்கு நாணயங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அவற்றுள் சிலவற்றில் எந்தக் குறியும் இல்லாதிருக்கக்கூடும். அவை தம் சொந்த ஊருக்கே திரும்பிப் போகட்டும்.