பில் கிளார்க் கையில் என்ன இருக்கிறது?

மும்பையில் மாதக் கடைசி வந்து விட்டால் நம்மவர்கள் தேடுகிற ஆள் சம்பள பில் கிளார்க். ரெயில்வேயில் அந்த வேலை பார்ப்பவன் நான். மாதுங்கா மார்க்கெட்டில் காய்கறிப் பையுடன் போனாலும் விட மாட்டார்கள். "உங்க கையிலேதானே சார் எல்லாம் இருக்கு, இந்த மாசம் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார்கள்.

என் கையில் இருப்பது கொஞ்சம்தான்.

ரெயில்வே சம்பளம் இப்போது 'ஐபாஸ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் போடப்படுகிறது. பில் கிளார்க்குக்குத் தனிப் பெயர், தனி ரகசியச் சொல் உண்டு. தனக்கு ஒப்படைத்த பில் யூனிட்டில் உள்ளவர்களின் ஆஜர், லீவு, ஓவர்டைம், பிடித்தம் ஆகியவற்றை அவர் ஏற்றலாம். ஆனால், ஏற்றிய பில்லைத் தானே பாஸ் செய்ய முடியாது. கணக்குப் பிரிவு சரி பார்த்துப் பாஸ் செய்த பிறகே பணம் பாங்கிக்குப் போகும்.

பே கிளார்க் பணப் பெட்டியுடன், காவலர் துணையோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போன காலத்திலும் இதே ஏற்பாடுதான். பில் எழுதியவர் பணத்தைத் தொட மாட்டார். கைநாட்டு வைப்பவர் உரிய ஆள்தான் என்று இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

இதில் ஓட்டை விழுவது, ரகசியச் சொல்லை அடுத்த மேஜைக்காரரிடம் கொடுக்கும்போதுதான். நானே கொடுத்தேன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்பட்ட அவசரம். நண்பர் நல்லவர்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்ததைக் கவனிக்காமல், ஒருவர் வேலைக்கு வராத 11 நாளை மற்றவர் கணக்கில் ஏற்றி விட்டார். சம்பளம் வெட்டுப்பட்டவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கலாசி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த மாதம் வட்டிக்கு வாங்கினார்.

"நான் ஊரில் இல்லை" என்று விசாரணையில் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருந்தது என் பெயர். மெமோ எனக்கே வந்தது. நியாயம்தான். கலாசிக்கு அடுத்த பில்லில் பாக்கி சேர்ந்தது. அவர் கட்டிய வட்டி போனது போனதுதான்.

வாயைக் கட்டுவதும் இந்த வேலையில் ஒரு கடமை. யாருக்கு எவ்வளவு கடன், யார் சம்பளத்தில் கோர்ட்டுப் பிடித்தம் என்பதெல்லாம் எங்கள் கண்ணில் படும். பெண் வீட்டார் வந்து காபி வாங்கிக் கொடுத்து, "தம்பி, மாப்பிள்ளை கையில் எவ்வளவு வாங்குகிறார்?" என்று மெல்லக் கேட்பார்கள். காபி குடித்ததுண்டு. பதில் சொன்னதில்லை.

கம்பெனிகளில் வேலை செய்யும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் வர வேண்டும். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பி.எப். பிடித்திருந்தால், அது கட்டப்பட்டதா என்பதை 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொண்டு நீங்களே பாஸ்புக்கில் பார்த்துக் கொள்ளலாம். அதற்கு பில் கிளார்க்கைத் தேடி வர வேண்டியதில்லை.