நாலு பற்றரியும் ஒரு டைனமோவும்

1990 நடுப்பகுதியில் போரினால், லக்சபானா நீர்மின் நிலையத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பின்னால் வந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. கொக்குவில் வீடுகளில் அலுமாரிக்கு மேல் துணி போர்த்தி வைத்திருந்த நஷனல் பனசோனிக், சான்யோ, சொனி றேடியோக்கள் அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேளாமல் ஒரு நாளைக் கடத்த முடியாத காலம் அது. ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் காதைக் கொடுத்தபடி சுருட்டுச் சுற்றிய கொட்டில்கள் இருந்த ஊர்ப்பக்கம் வேறு. செய்தியில்லாமல் இருக்குமா?

முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள். ஆசனமும் ஹாண்டிலும் நிலத்தில். பின் சில்லின் ரயரோடு உரசும்படி டைனமோ. அதன் முனையிலிருந்து ஒரு வயர், உடலிலிருந்து இன்னொரு வயர். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். செய்தி தொடங்கும்போது சுற்றுகிறவருக்கு உசார் ஏறிவிடும். "கெதியாச் சுத்தாதை தம்பி, றேடியோ எரிஞ்சுபோம்" என்று யாராவது அதட்டுவார்கள்.

அந்த அதட்டலில் முழுக்க முழுக்கப் பௌதிகம் இருக்கிறது. டைனமோவுக்குள் கம்பிச்சுருளின் நடுவே ஒரு நிலைக்காந்தம் சுழல்கிறது. சுழலும் வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். சைக்கிள் விளக்கு மட்டும் பூட்டியிருந்தால் பயமில்லை. வேகம் கூடும்போது மின்னோட்டம் திசைமாறும் விரைவும் கூடுவதால், கம்பிச்சுருள் தானே அதற்குத் தடையாக நின்று, ஏறத்தாழ அரை அம்பியருக்கு மேல் விடாது. 6 வோல்ட், 3 வாட் என்று டைனமோவில் எழுதியிருப்பது இந்தக் கணக்குத்தான். றேடியோ அப்படியல்ல. அளவான சத்தத்தில் ஒரு வாட் கூடக் கேட்காது. குடிக்க ஆளில்லாத மின்சாரத்தின் அழுத்தம் மேலே மேலே ஏறி ட்ரான்சிஸ்டரைப் பதம்பார்க்கும். விளக்கையும் கூடவே எரியவிட்டால் மிகுதியை அது எடுத்துக்கொள்ளும், முற்றத்துக்கு வெளிச்சமும் ஆயிற்று.

இன்னொரு சிக்கல், டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் போதும். சுவர் மின்சாரத்திலும் ஓடுகிற றேடியோக்களில் அவை உள்ளேயே இருக்கும். மூடியைக் கழற்றி, மின்மாற்றிக்குப் பின்னால் உரிய இடத்தில் வயரைத் தொடுக்கத் தெரிந்தவருக்கு அது சின்ன வேலை. றேடியோவும் கசெற்றும் சேர்ந்த டூ இன் வன்னில் கசெற் போட ஆசைப்பட்டவர்களுக்குத்தான் கஷ்டம். மோட்டருக்கு மின்சாரம் கூட வேண்டும். கை தளர்ந்தால் நாடா இழுபட்டுப் பாட்டுக்காரரின் குரல் தடித்துவிடும்.

நாலு பற்றரி போடும் றேடியோவுக்கு வேண்டியது 6 வோல்ட். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ட். இந்தப் பொருத்தம் யாரும் யாழ்ப்பாணத்துக்காகத் திட்டமிட்டதல்ல. ஆனால் நஷனல் என்ற பெயரே சைக்கிள் விளக்கில்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நஷனலை உருவாக்கிய கொனொசுகே மட்சுஷிதா சிறுவயதில் ஒசாக்காவில் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடி வேலை செய்தவர். 1918 மார்ச்சில் மனைவி முமெனோவையும் மைத்துனன் தொஷியோ இயுவேயையும் துணைக்கு வைத்துக்கொண்டு மின்பொருள் செய்யும் சிறு பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் இரவில் சைக்கிளோடியவர்கள் மெழுகுதிரியையும் எண்ணெய் விளக்கையும் நம்பியிருந்தார்கள். பற்றரி விளக்குகள் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அணைந்துவிடும். 1923 இல் அவர் செய்த குண்டு வடிவ விளக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது. மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. அவர் வாதாடவில்லை, சைக்கிள் கடைகளில் விளக்குகளைக் கொடுத்து, ஒன்றை எரியவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் எரிகிறதென்று கடைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

1927 இல் சதுர விளக்கு. நஷனல் என்ற பெயர் முதலில் பதிந்தது அதில்தான். பத்தாயிரம் விளக்குகளைச் சும்மா கொடுக்க முடிவெடுத்து, அதற்கான பற்றரிகளை இலவசமாகத் தரும்படி பற்றரி செய்த ஒகாடாவிடம் கேட்டார். வருட முடிவுக்குள் இரண்டு லட்சம் பற்றரி விற்றுத் தருவதாக வாக்கு. விற்றது நாலு லட்சத்து எழுபதினாயிரம். விளக்கை ஒருமுறைதான் வாங்குவார்கள், பற்றரியை வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. பிறகு 1931 இல் மட்சுஷிதாவின் றேடியோ ஜப்பான் ஒலிபரப்புக் கழகத்தின் போட்டியில் முதற்பரிசு பெற்றது. மற்றவர்களை நெருக்கிக்கொண்டிருந்த ஒரு றேடியோக் காப்புரிமையை மறுவருடம் காசு கொடுத்து வாங்கி, எல்லா உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டார். வியாபாரிதான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

மைத்துனன் இயுவே இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிந்து 1947 இல் சான்யோவைத் தொடங்கினார். அவர் முதலில் செய்த பொருள் எது தெரியுமோ? சைக்கிள் டைனமோ விளக்கு. மச்சானின் பற்றரியும் மைத்துனனின் டைனமோவும் போட்டிக்குப் போட்டி.

1977 இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இந்தப் பெயர்களெல்லாம் கடைகளை நிறைத்தன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களும் டூ இன் வன்னோடு வந்திறங்கினார்கள். பின்னாளில் தடையால் பற்றரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது செத்த பற்றரியையும் சனம் விடவில்லை. வெயிலில் காயவைத்தார்கள், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டார்கள். நாகக் குவளைக்குள் இருக்கும் மாங்கனீசு ஈரொட்சைட்டுக் கலவை உலர்ந்துபோனால் அயன்கள் நகர வழியில்லை; நீர் பட்டதும் கொஞ்சம் நகரும். வெப்பம் அந்த நகர்வைத் துரிதப்படுத்தும். ஒரு செய்தியறிக்கைக்கு உயிர் வரும், அவ்வளவுதான். நாகம் அரிக்கப்பட்டுவிட்ட பற்றரியை எந்த வெயிலாலும் எழுப்ப முடியாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது, றேடியோவுக்குச் சுற்றிய சைக்கிள்கள் சாமான் வண்டிகளாயின.

மட்சுஷிதா கம்பனி 2008 இல் பனசோனிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. மறுவருட முடிவில் சான்யோவின் பெரும்பங்கை வாங்கியது. சான்யோவின் லித்தியம் அயன் பற்றரித் தொழில்தான் அதிலிருந்த முக்கிய கவர்ச்சி. இன்று பனசோனிக் டெஸ்லா கார்களுக்குப் பற்றரிக் கலங்கள் செய்கிறது. வருமானத்தை விளக்கில் தேடாமல் பற்றரியில் தேடிய 1927 ஆம் ஆண்டுக் கணக்கு மாறவில்லை.

றேடியோவைப் போலப் பற்றரிப் பெட்டியைத் திறக்கப் பெரும்பாலான கைப்பேசிகளில் இன்று வழியில்லை. ஆனால் மின்னேற்றும் துளை உலகமெங்கும் அடிப்படையில் 5 வோல்ட். டைனமோவோடு டயோட்டும், அழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் ஒரு சிறு ஐசியும் சேர்த்தால் கைப்பேசிக்கும் மின்னேற்றலாம். சேதாரம் போக இரண்டு வாட் கையில் வந்தால், 5,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பற்றரி நிரம்ப ஒன்பது பத்து மணித்தியாலம் சுற்ற வேண்டும். ஆள் மாற்றி ஆள் சுற்றினாலும் தோள்மூட்டு பிடித்துக்கொள்ளும்.