களைப்பா, தைராய்டா, மனச்சோர்வா?

உப்பளத்தில் உழைப்பவருக்குக் களைப்பு புதிதன்று. விடியுமுன் பாத்தியில் இறங்கி, கண்கூசும் வெயிலில் உப்பு வாரித் திரும்புபவர் "உடம்பு அசதியாக இருக்கிறது" என்றால், வேலையின் அலுப்பு என்றே வீட்டார் எண்ணுகின்றனர். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மரக்காணம் அளங்களில் வேலை நின்று, வாரக்கணக்கில் ஓய்வெடுத்த பிறகும் அந்த அசதி நீங்கவில்லையெனில், அதற்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அக்காரணங்களுள் இரண்டு, ஒன்றைப் போல மற்றொன்று தோற்றமளிப்பவை. ஒன்று மனச்சோர்வு நோய். மற்றொன்று தைராய்டு சுரப்பு குறைதல்.

ஒரே முகம், இரு நோய்கள்

கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. மூளையும் இதற்கு விலக்கன்று. சுரப்பு குறையும்போது சிந்தனை மந்தமாகிறது. மறதி, அதிக உறக்கம், ஆர்வமின்மை ஆகியவை தோன்றுகின்றன. இவையே மனச்சோர்வின் அறிகுறிகளும் ஆகும். அவற்றோடு மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், எடை கூடுதல், குளிரைத் தாங்க இயலாமை, மாதவிடாய் மிகுதி ஆகியவையும் சேர்ந்திருந்தால் தைராய்டு குறைபாட்டை ஐயுற வேண்டும். சுரப்பு மிகுந்தாலோ படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, கைநடுக்கம் ஆகியன ஏற்படும்.

1949ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு குறைபாட்டால் கடுமையான மனநலப் பாதிப்புக்கு உள்ளான 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். தைராய்டு மருந்து அளித்ததும் அவர்களுள் பலர் நலமடைந்தனர். மனச்சோர்வுடன் வருபவருக்கு இன்று டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனாலேயே. இதற்கு வெறும் வயிற்றுடன் வர வேண்டியதில்லை.

உப்பு விளையும் ஊரில் அயோடின் குறையுமா?

"உப்பிலேயே வாழும் எங்களுக்குத் தைராய்டு வருமா?" என்று சிலர் வினவுகின்றனர். பாத்தியிலிருந்து நேரே எடுத்த உப்பில் அயோடின் மிகக் குறைவு. அது பின்னர் சேர்க்கப்படுவதே. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு வழங்கியபோது கழுத்துக் கழலை குறைந்தது கண்டறியப்பட்டு, 1962இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு 2006இல் நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டது. ஆகவே, அளத்து உப்பை வீட்டுச் சமையலுக்குப் பயன்படுத்துவோர் அயோடின் உப்புக்கு மாறுதல் நலம்.

எனினும், அயோடின் உப்பு பரவலாகிவிட்ட இக்காலத்தில் தைராய்டு குறைபாட்டுக்குப் பெரிதும் காரணமாவது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதாகும். உப்பைக் கூட்டிச் சாப்பிடுவதால் இது சீராகாது. இரத்த அழுத்தமே உயரும்.

ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று

இங்கு இரண்டு தவறுகள் நேர்கின்றன. தைராய்டு குறைபாடு தெரியவந்ததும், "அப்படியானால் மனநல மருந்து எதற்கு?" என்று அதைத் தாமாகவே நிறுத்திவிடுவது முதலாவது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் குலைவு ஏற்படலாம், நோயும் திரும்பலாம். தைராய்டு சரியான பின்னும் மனச்சோர்வு நீடிப்பவர் உண்டு. அவர்களுக்கு இரு மருந்துகளும் தேவை.

இரண்டாவது தவறு இதனினும் கொடியது. டி.எஸ்.எச். அளவு இயல்பாக இருந்ததும், "உனக்கு ஒன்றும் இல்லை" என்று நோயாளியிடம் கூறிவிடுவது. மனச்சோர்வுடன் வருபவருள் பெரும்பாலோருக்குத் தைராய்டு இயல்பாகவே இருக்கும். அவர்களுடைய நோயும் மெய்யான நோயே.

மருந்து உண்ணும் முறை

லெவோதைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மருந்தின் அளவு மாறினால் 6 முதல் 8 வாரங்களில் மறு பரிசோதனை செய்ய வேண்டும்.

மனச்சோர்வு மருந்து பலனளிக்கத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். முழுப் பலன் தெரிய மேலும் சில வாரங்கள் ஆகும். நலமடைந்த பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். செர்ட்ரலின் உண்ணும் சிலருக்குத் தைராய்டு மருந்தின் அளவைக் கூட்ட நேரிடலாம். லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடும். எனவே அதை உண்போர் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிப்பது நல்லது. ஒவ்வொரு மருத்துவரிடமும் மற்றவர் எழுதித் தந்த சீட்டையும் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு

மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சியும் மனச்சோர்வும் தோன்றக்கூடும். குழந்தை பெற்ற பெண் ஓயாமல் அழுதாலோ, எதிலும் பற்றின்றி இருந்தாலோ, "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இரு வாரங்களுக்கு மேல் சோர்வும் ஆர்வமின்மையும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வாழ்வில் பொருளில்லை, செத்துவிடலாம் என்னும் பேச்சு எழுந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.