மூச்சு தரும் பம்பு; அளவு மீறினால் ஆபத்து!

பனி இறங்கிவிட்டால் இழுப்பு நோய்க்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் தறியில் உட்காருகிறவரானாலும் சரி, பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவரானாலும் சரி, நடு இரவில் நெஞ்சை அடைத்தால் கை தேடுவது அந்தச் சின்னப் பம்பைத்தான். உறிஞ்சிய சில நிமிஷங்களில் மூச்சு வந்துவிடுகிறது.

இந்தப் பம்பு பிறந்த கதை வேடிக்கையானது. 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்குத் தெளிக்கும் திரவத்தைப் போல் தன் மருந்தையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று கேட்டாளாம் அந்தப் பெண். மறு ஆண்டே பம்பு கடைக்கு வந்துவிட்டது!

அடுத்து நடந்தது வேடிக்கையல்ல. இங்கிலாந்தில் ஐசோபிரினலின் என்ற மருந்தை ஐந்து மடங்கு காரத்துடன் அடைத்து விற்றார்கள். டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லை. 1966-க்கு முந்திய ஏழே ஆண்டுகளில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமாச் சாவு ஏறக்குறைய எட்டு மடங்காயிற்று. 1967-ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போயிற்று. 1968-ல் சீட்டில்லாமல் விற்கத் தடை வந்தது. விற்பனை குறைந்தது, சாவும் குறைந்தது.

கொன்றது மருந்தின் வேகமா, அல்லது பம்பை நம்பி டாக்டரிடம் போகத் தாமதித்ததா? இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

ஏன்? ஆஸ்துமாவில் மூச்சுக் குழாயின் தசை இறுகுகிறது. உள்ளே வீக்கமும் இருக்கிறது. இப்போதைய சால்பியூட்டமால் தசையை நாலைந்து மணி நேரம் தளர்த்தும். வீக்கத்தைத் தொடாது. அதைக் குறைப்பது ஸ்டீராய்டு பம்பு. உடனே சுகம் தெரியாததால், பலர் அதைத்தான் முதலில் நிறுத்திவிடுகிறார்கள்! சால்பியூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்று 2019-ல் உலக நிபுணர் குழு சொல்லிவிட்டது. ஒரு டப்பாவில் சாதாரணமாக 200 முறைக்கு மருந்து இருக்கும். வருஷத்துக்கு மூன்று டப்பா காலியானாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து. (பீடியாலும் அடுப்புப் புகையாலும் வரும் நுரையீரல் அடைப்பு வேறு நோய்; அதற்கு வைத்திய முறையும் வேறு.)

பம்பு பழக்கமாகிவிடும் என்று பயந்து, தியோபிலின் மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. உண்மையில் அதிக ஜாக்கிரதை வேண்டியது அதற்குத்தான். சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளுடன் சேர்ந்தால் அது ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, படபடப்பு, வலிப்புகூட வரலாம். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும் இழுப்பைக் கிளப்பும். ஆகவே, எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் மருந்துகளைச் சொல்லிவிடுங்கள்.

பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து அழுத்தியபடி மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ‘ஸ்பேசர்’ குழாய் நல்லது. ஸ்டீராய்டு பம்பானால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை ஸ்பேசரில் பம்பை விட்டு விட்டுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.